595 டாலர்: கமடோர் 64 கணினியின் வடிவமைப்பும் விலையும்

1982 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில், கமடோர் நிறுவனத்தின் அரங்கில் ஒரு புதுக் கணினி வைக்கப்பட்டிருந்தது. வந்து பார்த்துத் திகைத்து நின்றவர்களில் போட்டி நிறுவனமான அடாரியின் ஆட்களும் உண்டு. 64 கிலோபைட் நினைவகம், 16 வண்ணம், திரையில் தனித்தனியாக நகரும் உருவங்கள், மூன்று குரலில் இசை. இத்தனையையும் 595 டாலருக்கு எப்படித் தர முடிகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. அதே 64 கிலோபைட்டோடு ஓராண்டு கழித்து வந்த ஆப்பிள் 2இ விலை 1,395 டாலர். ஐபிஎம் பிசி முந்தைய ஆகஸ்டில் வெளிவந்தபோது, 16 கிலோபைட் நினைவகத்தோடு, டிஸ்க் டிரைவ் எதுவும் இல்லாமலே 1,565 டாலர்.

கேட்டவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. நல்ல கணினி செய்யத் தெரிந்தவர்கள். உதிரிபாகங்களின் விலையும் அவர்களுக்கு அத்துப்படி. அதனால்தான் திகைப்பு. சந்தை விலைக்குச் சிப்புகளை வாங்கிக் கூட்டிப் பார்த்தால் அந்தத் தொகை எந்த வழியிலும் வராது. கமடோர் போட்ட கணக்கு வேறு. அதைப் புரிந்துகொள்ளக் கால்குலேட்டர் காலத்துக்குப் போக வேண்டும்.

கால்குலேட்டரில் பட்ட அடி

கமடோரை நிறுவிய ஜாக் டிராமியல் போலந்தில் பிறந்தவர்; ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா வந்தவர். டைப்ரைட்டர் பழுதுபார்க்கும் கடையில் தொடங்கி, கூட்டல் இயந்திரம், பிறகு மின்னணு கால்குலேட்டர் என்று தொழிலை நகர்த்திக்கொண்டே போனார். 1970களின் தொடக்கத்தில் கால்குலேட்டர் நல்ல லாபம் தந்த பண்டம். அதற்கான சிப்புகளைக் கமடோர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்திடம் வாங்கியது. சிப் விற்றுக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் தாங்களே கால்குலேட்டர் செய்து விற்க இறங்கினார்கள். அவர்களுடைய முழுக் கால்குலேட்டரின் கடை விலை, கமடோர் உதிரிபாகத்துக்குக் கொடுத்த தொகைக்கும் கீழே போய்விட்டது. 1975வாக்கில் கமடோர் திவாலின் விளிம்புக்கு வந்தது.

அந்த அடியிலிருந்து டிராமியல் எடுத்த முடிவு எளிமையானது. சிப் யார் கையில் இருக்கிறதோ, விலை அவர் கையில். 1976இல் பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் இருந்த மாஸ் டெக்னாலஜி என்ற சிப் நிறுவனத்தைக் கமடோர் வாங்கியது. அந்த நிறுவனமும் அப்போது பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்ததால் மலிவாகக் கிடைத்தது. அதனோடு சேர்ந்து வந்தது 6502 என்ற செயலி. சக் பெடில் தலைமையிலான குழு வடிவமைத்து, மற்றவர்கள் தங்கள் செயலிகளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்டுக்கொண்டிருந்தபோது 1975இல் 25 டாலருக்கு விற்பனைக்கு வைத்த சிப் அது. ஆப்பிள் 2, அடாரி 800 இரண்டின் மூளையும் 6502 குடும்பம்தான். லாஸ் வேகாஸில் திகைத்து நின்றவர்களின் கணினியும் கமடோர் வீட்டுச் சரக்கில்தான் ஓடியது.

சிலிக்கானின் பரப்பே பட்ஜெட்

கமடோர் 64இன் கதை கணினியாகத் தொடங்கவில்லை. 1981 ஜனவரியில் மாஸ் டெக்னாலஜியின் பொறியாளர்கள் சிலர், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்து, வீடியோ கேமுக்கான இரண்டு சிப்புகளில் கைவைத்தார்கள். ஒன்று படத்துக்கு, ஒன்று ஒலிக்கு. குழுவின் தலைவர் சார்லஸ் விண்டர்பிள். படச் சிப் அல் சார்பென்டியருடையது, ஒலிச் சிப் பாப் யானஸுடையது. உலகத்திலேயே சிறந்த சிப்புகளாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்குப் பெரிய நிபந்தனை ஏதும் இல்லை. மேலதிகாரிகளின் தலையீடு இல்லாமல் ஒன்பது பத்து மாதம் வேலை நடந்தது. ஒரு பொறியாளருக்கு இதைவிடப் பெரிய சொகுசு கிடையாது.

இங்கே சிப்பின் விலை எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வின் அச்சாணி இதுதான். வட்டமான சிலிக்கான் தகடு ஒன்றைத் தொழிற்சாலையில் ஒரு சுற்று ஓட்டி எடுக்க ஆகும் செலவு ஏறக்குறைய நிலையானது. அந்தத் தகட்டில் எத்தனை சிப் வெட்டி எடுக்கிறோம் என்பதில்தான் ஒரு சிப்பின் விலை இருக்கிறது. சிப் பெரிதானால் எண்ணிக்கை குறையும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. தகட்டில் அங்கங்கே தூசியும் குறையும் விழுந்திருக்கும். சிப் பெரிதாக ஆக, ஒரு குறை அதன்மேல் விழுந்து முழுச் சிப்பையும் பழுதாக்கும் வாய்ப்பும் ஏறும். ஆகவே பரப்பு இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கைத் தாண்டிப் போகும். சிப் வடிவமைப்பவர் சேர்க்கும் ஒவ்வொரு வசதிக்கும் சிலிக்கானில் ஒரு துண்டு நிலம் வேண்டும், அந்த நிலத்துக்கு விலை உண்டு.

சார்பென்டியரின் குழு முதலில் சந்தையில் இருந்த மற்ற இயந்திரங்களை ஆராய்ந்தது: மாட்டெல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 99/4ஏ, அடாரி 800. ஒவ்வொன்றிலும் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து ஆசைப் பட்டியல் போட்டார்கள். பிறகு, தாங்கள் அனுமதித்துக்கொண்ட பரப்பு நிரம்பும்வரை பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகச் சிப்பில் ஏற்றினார்கள். நிரம்பியதும் நிறுத்திவிட்டார்கள். விக்-2 என்று பெயர் பெற்ற படச் சிப் இப்படி உருவானது. 320க்கு 200 புள்ளி, 16 வண்ணம், 24க்கு 21 புள்ளி அளவில் எட்டு ஸ்பிரைட்டுகள். ஸ்பிரைட் என்பது பின்னணிப் படத்தைத் தொடாமல் அதன்மேல் நகரும் சிறு உருவம். ஒன்றோடொன்று மோதினால் அதைச் சிப்பே செயலிக்குச் சொல்லும். இந்த வேலையை எல்லாம் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் செயலியிடம் கொடுத்திருந்தால் அது மூச்சு வாங்கியிருக்கும். மலிவான செயலியை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த விளையாட்டைக் காட்ட வேண்டுமானால், உழைப்பைப் படச் சிப்புக்கு மாற்றுவதுதான் வழி.

யானஸ் இசை அறிந்தவர். அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளின் ஒலியைக் கேட்டு, இதைச் செய்தவர்களுக்கு இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சலித்துக்கொண்டவர். அவர் செய்ய நினைத்தது சிந்தசைசர் தரத்தில் பல குரல் கொண்ட ஒரு சிப். நேரம் போதவில்லை. ஒரு குரலுக்கான சுற்றை வரைந்து, அதையே மூன்று முறை சிப்பில் வைத்துவிட்டார். பொறியியல் அழகு என்று பார்த்தால் அது சோம்பேறி வேலை. ஒரே சுற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருந்தால் அதே இடத்தில் இன்னும் பல குரல்கள் வந்திருக்கும். ஆனாலும் சிட் என்ற அந்தச் சிப்பின் ஒலிக்காகவே இன்றும் இசை அமைப்பவர்கள் இருக்கிறார்கள். யானஸும் சார்பென்டியரும் பின்னர் கமடோரை விட்டுப் போய், என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள்.

சொந்தத் தொழிற்சாலை என்பது சிப்பை அடக்க விலைக்கு எடுக்க மட்டும் உதவவில்லை. வெளியாரிடம் சிப் செய்வித்தால் ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் தனிப் பில் வரும். வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். இவர்களுக்கோ, ஒரு யோசனை சரிவருமா என்று பார்க்கச் சிறு சோதனைச் சுற்றைத் தகட்டில் ஓட்டிப் பார்ப்பது அன்றாட வேலை. புதுமையான உற்பத்தி முறை எதையும் அவர்கள் தொடவில்லை. 5 மைக்ரான் அளவிலான, நன்றாகப் பழகிப்போன முறை. அதனால் தேறும் சிப்புகளின் விகிதமும் நன்றாக இருந்தது.

இரண்டு நாளில் ஒரு வரைபடம்

1981 நவம்பரில் இரண்டு சிப்புகளும் தயார். அவற்றை வைத்து வீடியோ கேம் செய்ய வேண்டாம் என்றும், 64 கிலோபைட் கொண்ட வீட்டுக் கணினி செய்து ஜனவரிக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்றும் டிராமியல் சொன்னார். கைவசம் இருந்தது சுமார் ஆறு வாரம். கணினியின் அடிப்படை அமைப்பு காகிதத்தில் இரண்டே நாளில் முடிந்தது. டிசம்பர் முடிவதற்குள் ஓடும் மாதிரிகள் கையில் இருந்தன.

64 கிலோபைட் என்று ஏன் பிடிவாதம்? அந்த வேளையில் 64 கிலோபைட்டுக்கான எட்டு ராம் (நினைவக) சிப்புகளின் விலை மட்டும் 100 டாலரை ஒட்டி இருந்தது. 595 டாலர் கணினிக்குள் அது அடங்காது. ஆனால் ஜப்பானிய நிறுவனங்களும் அமெரிக்க நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டிருந்தன. தொழிற்சாலையில் வேலை தொடங்கும் நாளில் விலை சரிந்திருக்கும் என்று டிராமியல் பந்தயம் கட்டினார். இன்றைய உதிரிபாக விலையைக் கூட்டி நாளைய பண்டத்துக்கு விலை போடாதே என்பது அவர் கால்குலேட்டரில் இழந்து கற்றது. பந்தயம் பலித்தது. பலிக்காமல் போயிருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டியிருக்காது.

இதே சிக்கலுக்கு அதே ஆண்டில் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் கண்ட விடை முற்றிலும் வேறு. 1982 ஏப்ரலில் வந்த அவருடைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 48 கிலோபைட்டோடு 175 பவுண்ட். அதன் கூடுதல் 32 கிலோபைட்டுக்கு, பாதி மட்டும் வேலை செய்யும் பழுதுபட்ட 64 கிலோபிட் சிப்புகளை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். எனக்கு என்னவோ கமடோரின் பந்தயத்தைவிட இந்தக் குறுக்குப் புத்திமேல்தான் ஒரு படி கூடுதல் பிரியம்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 6502 வகைச் செயலியால் மொத்தமே 64 கிலோபைட்டைத்தான் முகவரியிட முடியும். நினைவகமே அத்தனையையும் எடுத்துக்கொண்டால் பேசிக் என்ற நிரல் மொழியையும் இயக்க நிரல்களையும் அழியாமல் தாங்கிய ரோம் சிப்புகளுக்கு இடம் எங்கே? செயலியைச் சற்றுத் திருத்தி 6510 என்று ஆக்கினார்கள். அதில் கூடுதலாகச் சில இணைப்புக் கால்கள். அவற்றைக் கொண்டு ஒரே முகவரியில் ராம் தெரிய வேண்டுமா, ரோம் தெரிய வேண்டுமா என்று நிரலே மாற்றிக்கொள்ளலாம். ஒரே அறையில் இரண்டு குடித்தனம் மாதிரி. கணினியைப் போட்டதும் திரையில் வரும் "38911 பேசிக் பைட்டுகள் காலி" என்ற வரிக்குக் காரணம் இதுதான். மீதி இடத்தில் ரோம் திரை போட்டு மறைத்திருக்கும். தெரிந்தவர்கள் திரையை விலக்கி உள்ளே இருக்கும் ராமையும் எடுத்துக்கொண்டார்கள்.

மற்றவை எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருந்த பொருள்கள். மேல்கூடும் கீபோர்டும் முந்தைய விக்-20 கணினியுடையவை. பேசிக் மொழி, 1977இல் வந்த பெட் கணினிக்காக மைக்ரோசாஃப்ட்டிடம் ஒரே தொகையாகப் பணம் கட்டி வாங்கியதன் வழிவந்தது. விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் உரிமத் தொகை கிடையாது. திரை வீட்டிலிருக்கும் டிவி.

பேசிக்கில் காட்டிய சிக்கனத்தை மட்டும் என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. 8 கிலோபைட் ரோமுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பழைய பேசிக்கையே வைத்தார்கள். அதில் படத்துக்கோ ஒலிக்கோ ஒரு கட்டளைகூடக் கிடையாது. உலகத்தின் மிகச் சிறந்த ஒலிச் சிப்பை உள்ளே வைத்துவிட்டு, அதில் ஒரு சுரம் எழுப்பக் குழந்தைகளை "போக் 54296, 15" (இந்த நினைவக முகவரியில் இந்த எண்ணை இடு என்று பொருள்) என்று தொடங்கி வரிசையாக எண்களைத் தட்டச்சிட வைத்தார்கள். திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க "போக் 53280, 0". கூடுதல் ரோமுக்கு ஆகியிருக்கும் செலவு சில டாலர். அதை மிச்சப்படுத்தியதற்கான விலையை வாங்கியவர்கள் மணிக்கணக்கில் கொடுத்தார்கள். இதற்கு எதிர்வாதமும் உண்டு. அப்படித் தட்டுத்தடுமாறியதால்தான் ஒரு தலைமுறை கணினியின் உள்ளமைப்பைக் கற்றது என்பார்கள். உண்மைதான், ஆனால் கமடோர் அதை நினைத்துச் செய்யவில்லை.

விலை நின்ற இடம்

1982 ஆகஸ்டில் விற்பனை தொடங்கியது. அப்போதைய சந்தையின் கீழ்த்தட்டில் 100 டாலர் டைமெக்ஸ் சின்க்ளேர் 1000, அதற்கு மேலே 300 டாலருக்கு வந்த கமடோரின் சொந்த விக்-20. மேலே ஆயிரத்தைத் தாண்டி ஆப்பிளும் ஐபிஎம்மும். நடுவே அடாரி 800, 99/4ஏ. 595 என்பது விளையாட்டுச் சாமான் என்று யாரும் ஒதுக்கிவிடாத அளவுக்கு உயரம். ஆப்பிள் வாங்கச் சென்றவர் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தாழ்வு. விக்-20 விற்பனையையும் அது தின்னவில்லை.

தொடக்கத்தில் ஒரு கணினியைச் செய்து முடிக்க ஆன செலவு சுமார் 135 டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. உற்பத்திச் செலவைப் போல் மூன்று நான்கு மடங்கு கடை விலை என்பது மின்னணுத் தொழிலில் பழைய வழக்கம். கடைக்காரரின் பங்கு, விளம்பரம், போக்குவரத்து, திரும்பி வரும் பழுதுச் சரக்கு எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் வர வேண்டும். அந்தக் கணக்கில் 595 பேராசை விலையும் அல்ல, தற்கொலை விலையும் அல்ல. ஆனால் கீழே இறங்கிவர நிறைய இடம் விட்டு வைத்த விலை. அடாரிக்காரர்கள் அன்று கவனிக்காமல் விட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்த சரக்கு குறைவாகவும் இல்லை. முதல் கணினிகளில் திரையில் எழுத்துகளுக்கு இடையே மினுக்மினுக்கென்று புள்ளிகள் தோன்றின. செயலியும் படச் சிப்பும் மாறி மாறி நினைவகத்தைத் தொடும் கணத்தில் எழும் சிறு மின்துடிப்பை, எழுத்து வடிவங்களைத் தாங்கிய ரோம் சிப் புது முகவரி என்று நினைத்துத் தவறான தகவலைத் தந்தது. மாதிரிகளில் வேறு வகை ரோம் இருந்ததால் அங்கே இது தெரியவில்லை. ஆறு வாரத்தில் செய்த கணினி ஆறு வாரத்தில் செய்ததாகவே இருக்கும். பவர் சப்ளை இன்னொரு தலைவலி. பிசின் ஊற்றி அடைத்த கறுப்புக் கட்டி. சூட்டில் கெட்டுப்போனால் மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டு உள்ளே இருக்கும் ராம் சிப்புகளையும் கூடவே கொண்டுபோய்விடும்.

பெட்டிக்கு வெளியே தள்ளிய செலவு

595 டாலர் கணினியில் எழுதியதைச் சேமிக்க வழி இல்லை. கேசட் ரெக்கார்டர் தனியாக வாங்க வேண்டும், அல்லது டிஸ்க் டிரைவ். 1541 என்ற டிரைவ் 400 டாலருக்குச் சற்றுக் கீழே. அது வெறும் டிரைவ் அல்ல, தன்னளவில் ஒரு கணினி: உள்ளே தனி 6502 செயலி, 2 கிலோபைட் ராம், 16 கிலோபைட் ரோம், தனிப் பவர் சப்ளை. இந்த அமைப்பால் கணினிக்குள் டிரைவைக் கட்டுப்படுத்தும் சுற்று எதுவும் தேவைப்படவில்லை. கணினியின் விலை குறைந்தது, டிரைவின் விலை ஏறியது. விளம்பரத்தில் வருவது கணினியின் விலை மட்டும்தானே.

இத்தனை இருந்தும் டிரைவ் ஆமை வேகம். பெட் கணினியில் இருந்த அகலமான, கேபிள் விலை அதிகமான இணைப்பைக் கைவிட்டு, விக்-20க்காக ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் மலிவான இணைப்புக்கு மாறியிருந்தார்கள். அதில் பிட்டுகளை வன்பொருளே தள்ளுவதாகத்தான் திட்டம். அந்த வேலைக்கான சிப்பில் ஒரு பிழை இருந்ததால், மென்பொருளால் தள்ள வேண்டியதாயிற்று. கமடோர் 64இல் அந்தச் சிப்புக்குப் பதில் பிழையற்ற புதுச் சிப் வந்துவிட்டது. ஆனால் பழைய விக்-20 சாதனங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று பழைய முறையே தொடர்ந்தது. அதற்கும் மேலாக, விக்-2 சிப் அவ்வப்போது செயலியை நிறுத்தி நினைவகத்தைப் பறித்துக்கொள்வதால், பிட்டுகளை இன்னும் மெதுவாக அனுப்ப வேண்டியிருந்தது. விளைவு, நொடிக்கு 400 பைட் அளவு. நினைவகம் நிறைய ஒரு விளையாட்டை ஏற்ற ஒன்றரை இரண்டு நிமிடம். இந்தக் குறையைப் போக்கும் கார்ட்ரிட்ஜ்களை விற்று வேறு நிறுவனங்கள் பிழைத்தன.

ஒரு கணினியின் சிக்கனம் அடுத்த கணினியின் குறையாக ஒட்டிக்கொண்டு வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

விலைப் போர்

1982 செப்டம்பரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் 99/4ஏ கணினிக்கு 100 டாலர் தள்ளுபடி அறிவித்தது. ஓராண்டுக்கு முன் 525 டாலருக்கு வந்த கணினி இப்போது 200க்கு அருகே. கமடோர் விக்-20 விலையை இறக்கியது. அவர்கள் மறுபடி இறக்கினார்கள். ஏழு ஆண்டுக்கு முந்தைய கால்குலேட்டர் கணக்கு அப்படியே தலைகீழாக மறுபடி ஓடியது. இரு பக்கமும் சொந்தமாகச் சிப் செய்யும் நிறுவனங்கள்தான். ஆனால் 99/4ஏ குறைந்த விலைக்கென்று வடிவமைத்த கணினி அல்ல. 16 பிட் செயலி, ஆனால் அது நேரடியாகத் தொடக்கூடிய வேகமான ராம் வெறும் 256 பைட். மீதி 16 கிலோபைட்டும் படச் சிப் வழியாகச் சுற்றிப் போய்த் தொட வேண்டும். மென்பொருளில் லாபம் பார்க்கலாம் என்று பிற நிறுவனங்களைக் கிட்டே சேர்க்காமலும் இருந்தார்கள். கணினியை நட்டத்துக்கு விற்று, மென்பொருளையும் மற்றவர் எழுதவிடாமல் வைத்தால் இருபுறமும் அடிதான்.

1983இல் கமடோர் இன்னொரு அஸ்திரத்தை விட்டது. எந்தப் பழைய கணினியையோ வீடியோ கேமையோ கொடுத்தாலும் 64இன் விலையில் 100 டாலர் திரும்பக் கிடைக்கும். உடனே சில கடைகள் 64 வாங்குபவருக்கு டைமெக்ஸ் சின்க்ளேர் ஒன்றை 10 டாலருக்குக் கூடவே விற்கத் தொடங்கின. பெட்டியைப் பிரிக்காமலே அதைக் கமடோருக்கு அனுப்பி 100 டாலரை வாங்கிக்கொள்ளலாம். டைமெக்ஸும் சீக்கிரமே கணினித் தொழிலை விட்டுப் போனது.

1983 கோடையில் கமடோர் 64 கடைகளில் 200 டாலரை ஒட்டி வந்துவிட்டது. 99/4ஏ 100 டாலருக்கு இறங்கியது. அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 11.9 கோடி டாலர் நட்டம் காட்டியது. அக்டோபர் 28 அன்று வீட்டுக் கணினித் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. முன்பு அதிக விலைக்குச் சரக்கெடுத்து வைத்திருந்த கமடோரின் சிறு டீலர்கள், பக்கத்துப் பெரிய கடையில் அதே கணினி தங்கள் கொள்முதல் விலைக்கும் கீழே விற்பதைப் பார்த்துக் கசந்துபோனார்கள். வாடிக்கையாளருக்குக் கணினியை விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

1984 ஜனவரியில், தலைவர் இர்விங் கோல்டோடு முரண்பட்டு டிராமியல் கமடோரைவிட்டு வெளியேறினார். ஜூலையில் அடாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கினார். 595 டாலருக்கு எப்படி முடியும் என்று கேட்டவர்களின் நிறுவனம் அவர் கைக்கே வந்தது.

மேலிருந்து வெட்டியவர்கள்

நடுத்தட்டு விலைக்குக் கணினி செய்ய இன்னொரு வழியும் இருந்தது: விலையுயர்ந்த கணினியை எடுத்து, அதிலிருந்து வெட்டிக் குறைப்பது. 1983 நவம்பரில் ஐபிஎம் அறிவித்த பிசிஜூனியர் அந்த வகை. டிரைவ் இல்லாமல் 669 டாலர், டிரைவோடு 1,269. தன் பெரிய கணினியின் விற்பனை கெட்டுவிடக் கூடாது என்ற பயம் அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரிந்தது. கால்குலேட்டரில் வருவது போன்ற பொத்தான்களை வைத்த கீபோர்டைப் பார்த்தே பலர் திரும்பிப் போனார்கள். பிறகு நல்ல கீபோர்டை இலவசமாகக் கொடுத்தும் பயனில்லை; 1985 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கமடோரும் சிக்கனம் பிடித்ததுதான், ஆனால் படத்திலும் ஒலியிலும் கைவைக்கவில்லை. வாங்குபவர் முதல் பத்து நிமிடத்தில் தொட்டு, பார்த்து, கேட்பவற்றில் தாராளம். மூன்றாம் வாரத்தில் தெரியவரும் டிரைவிலும் பேசிக்கிலும் கஞ்சத்தனம். நேர்மையான கணக்கா என்று கேட்டால் தயங்குவேன். பலித்த கணக்கு.

டிராமியல் போனபின் அந்தக் கணக்கைக் கமடோரே மறந்தது. 1984இல் வந்த பிளஸ்/4 கணினி 299 டாலர். பேசிக் நன்றாக இருந்தது, வண்ணங்கள் 121, சொற்செயலி உள்ளேயே இருந்தது. ஆனால் ஸ்பிரைட் இல்லை, சிட் இல்லை, கமடோர் 64க்கு எழுதிய மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. பக்கத்திலேயே அதைவிட மலிவாக 64 நின்றிருந்தது. யார் வாங்குவார்கள்?

64 நின்றுகொண்டே இருந்தது. கூடு மாறியது, போர்டு சுருங்கியது, சிப்புகள் புது உற்பத்தி முறைக்கு மாறின. உள்ளே அதே 1982ஆம் ஆண்டுக் கணினி. மொத்த விற்பனை 1.25 கோடி முதல் 1.7 கோடி வரை என்று பலவாறு கணிக்கிறார்கள்.

1994 மார்ச்சில் 64ஐ நிறுத்தப் போவதாகக் கமடோர் சொன்னது. அடுத்த மாதமே நிறுவனம் திவாலானது. நிறுத்துவதற்குச் சொன்ன காரணம், கணினியைச் செய்ய இன்னும் அதிகம் செலவாகவில்லை, அதற்கான டிஸ்க் டிரைவைச் செய்யத்தான் கணினியைவிடக் கூடுதலாக ஆகிறது என்பது.